முழங்காலில் ஒரு குமிழ்



இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தை உதவி ஆசிரியர்தான் எழுதினார். "எங்கே காணோம், உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் அலுவலகத்தில் ஒரு பழைய அல்வா டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர்.

அமெரிக்கா போய் வந்த பத்திரிகைக்காரர்கள் நயாகராவைப் பற்றி எழுத வேண்டும் என்பது எழுதாத விதி. நானும் போனேன், பார்த்தேன், நனைந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கண்முன் நிற்பது அருவி இல்லை. மகள் வீட்டு அலமாரிக் கதவுகளில் நாங்கள் வைத்துவிட்டு வந்த மூன்று பித்தளைக் குமிழ்கள்தான் நிற்கின்றன. மூன்று குமிழ் வைக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஊரில் நம்மைப்போல் பீரோ வாங்கி மூலையில் நிறுத்துவது குறைவு. வீடு கட்டும்போதே படுக்கையறைச் சுவருக்குள் ஒரு பொந்து மாதிரி விட்டுவிடுகிறார்கள். க்ளாசெட் என்று பெயர். உள்ளே துணி மாட்ட ஒரு கம்பி, கம்பிக்கு மேல் ஒரு தட்டு, முன்னால் கதவு. மகள் வாங்கியிருப்பது 1960-களில் கட்டிய வீடு. அங்கே க்ளாசெட் கதவெல்லாம் மடக்குக் கதவு. பைன் மரம், மேல்பாதியில் காற்றுப் போகச் சாய்வான பட்டைகள், கீழ்ப்பாதியில் பலகை. உயரம் 80 அங்குலம், அதாவது ஆறடி எட்டங்குலம்.

மடக்குக் கதவு என்றதும் கடைகளின் இரும்பு கேட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நம் மாநகரப் பேருந்தில் ஓட்டுநர் பொத்தானை அமுக்கியதும் புஸ் என்று மடங்குமே, அந்தக் கதவின் சாதுவான தங்கை. இரண்டு பலகைகளைப் பின்பக்கம் மூன்று கீல் வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். சுவரை ஒட்டிய பலகை மேலும் கீழும் ஒவ்வொரு முளையில் நின்று சுழலும். அடுத்த பலகைக்குக் காலில் பிடிப்பே கிடையாது. தலையில் ஒரு சின்ன உருளை, அது மேலே பதித்த தண்டவாளத்தில் ஓடும். திறந்தால் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். 30 அங்குல வாசலுக்கு ஒற்றைக் கதவு போட்டால் திறக்க 30 அங்குலம் வேண்டும். இதற்குப் பாதி போதும். கட்டிலை நெருக்கிப் போட்ட அறைக்கு ஏற்ற கதவு.

மகள் வீட்டில் இந்தக் கதவுகளில் பிடி எதுவும் இல்லை. முன்பு இருந்தவர்கள் எப்படித் திறந்தார்களோ. மகளும் மாப்பிள்ளையும் சாய்வுப் பட்டைக்குள் விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து இழுத்து ஒரு பட்டை உடைந்து, பல் போன வாய் மாதிரி நின்றது. அதனால்தான் நான் கிளம்புவதற்கு முன் வந்த பட்டியலில், நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் கூழ் வற்றலுக்கும் கீழே, "பித்தளை நாப் 4" என்று இருந்தது.

பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. "அலமாரிக்குக் குமிழ் வேணும்" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "நாபா?" என்றார். எனக்கு அந்தச் சொல்லை விட மனசில்லை. குமிழ் என்றால் மரம். அதன் பூவைத்தான் நம் புலவர்கள் பெண்களின் மூக்குக்கு உவமை சொன்னார்கள். தண்ணீரில் எழும்புவதும் குமிழ். எங்கள் தாத்தாவின் பாதக்குறட்டில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நின்றதும் குமிழ்தான். இத்தனைக்கும் ஆன ஒரு சொல், அலமாரிக் கதவுக்கு மட்டும் ஆகாமல் போகுமா? அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நாலைந்து பெட்டிகளை மேசையில் கவிழ்த்தார்.

பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள். பாதிக்கு மேல் பித்தளையே இல்லை. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியவை. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று போனால் ஏமாறுவோம், இரண்டிலும் காந்தம் ஒட்டாது. இரும்புக்கு முலாம் பூசியிருந்தால்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். அண்ணாச்சி ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கொடுத்தார். "கண்ணை மூடிட்டு எடை பாருங்க" என்றார். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம் இருக்கும், அந்தக் கலவை ஏழு கிராமைத் தொடாது. ஒரே அளவுக் குமிழில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. இன்னொன்றும் சொன்னார்: குமிழின் அடிப்பக்கம், மரத்தோடு ஒட்டும் இடத்தில், ஆணியால் லேசாகக் கீறினால் உள்ளே இருப்பது வெளுப்பா மஞ்சளா என்று தெரிந்துவிடும். வாங்கிய பிறகு கீறுங்கள் என்பது என் திருத்தம்.

32 மில்லிமீட்டர் அகலமுள்ள உருண்டைக் குமிழ்கள் நான்கு எடுத்தேன். அகலத்தைவிட முக்கியம் கழுத்து. குமிழ் கதவோடு ஒட்டி உட்கார்ந்தால் விரல் நுழையாது, நகம்தான் பெயரும். ஓர் அங்குலமாவது முன்னால் நிற்க வேண்டும், தலைக்குப் பின்னால் விரல் மடக்க இடம் வேண்டும். கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி கொடுத்தார்கள். 25 மில்லிமீட்டர் நீளம். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஒன்பது நாள் ஆறு நாளாகியிருக்கும்.

இனி விமானத்தில் நடந்தது. சென்னையிலிருந்து துபாய் போகும் வழியில் கழிவறைக்குப் போனேன். கதவு மூடியிருந்தது, ஆள் இல்லை என்று பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைத் தேடினேன். இல்லை. கதவின் ஓரத்தில் கை வைத்துத் தள்ளினேன். மற்ற ஓரத்தில் தள்ளினேன். தோளையும் கொடுத்துப் பார்த்தேன். பின்னால் நின்ற இளைஞர், துபாயில் வேலை பார்ப்பவர் போலிருக்கிறது, மெதுவாகச் சொன்னார்: "நடுவுல அமுக்குங்கம்மா." கதவின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. அதை அமுக்கினேன். கதவு இரண்டாக மடிந்து உள்ளே போயிற்று. தள்ளு என்று ஆங்கிலத்தில் அந்த இடத்தில் எழுதியும் இருந்தது. இதழ் ஆசிரியர், எழுத்தை மட்டும் படிக்கவில்லை.

எடிசனில் இறங்கி, தூக்கம் தெளிந்து, மூன்றாம் நாள் குமிழ்களை மேசையில் எடுத்து வைத்தேன். பெரிய படுக்கையறை க்ளாசெட்டில் இரண்டு ஜோடி, அதாவது நாலு பலகை. இடமும் வலமுமாக ஒதுங்கும். பேரன் அறையில் ஒரே ஜோடி. ஆக மூன்று குமிழ் போதும். எங்கே வைப்பது என்று கேட்டதும் வீட்டில் மூன்று கட்சி உண்டாயிற்று.

மாப்பிள்ளை, "இதில் என்ன யோசனை அத்தை? பீரோ மாதிரி நடுவில்தான். ரெண்டு கதவும் சந்திக்கிற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில்" என்றார். மகள் அழகுக் கட்சி: ஒவ்வொரு பலகைக்கும் நட்டநடுவில், பொட்டு வைத்தாற்போல். எனக்கு விமானக் கதவு நினைவு வந்தது. "மடியுற இடத்துக்குப் பக்கத்தில்" என்றேன். "அங்கே யாராவது வைப்பாங்களாம்மா? கீல் இருக்கிற பக்கம்" என்றாள் மகள்.

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. பிறந்ததிலிருந்து நாம் தொட்ட கதவெல்லாம் கீலுக்கு எதிர்ப்பக்கம் பிடி உள்ள கதவுகள். கீலுக்குத் தூரமாகப் பிடித்தால் கதவு லேசு, கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கனம். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்துவதற்கு முன்பே கைக்குத் தெரிந்த சங்கதி. பொருள்களின் உருவமே அவற்றை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம் செய்தவரிடம்தான், பிடிப்பவரிடம் இல்லை என்று டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இழுப்பதா தள்ளுவதா என்று குழப்பும் கதவுகளுக்கு இப்போது அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், நார்மன் கதவு என்று. விமானத்தில் என்னைக் கைவிட்டதும் அந்த வம்சம்தான் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

வாதம் செய்தால் தீராது என்று, துளை போடுவதற்கு முன் ஒட்டிப் பார்க்கலாம் என்றேன். அகலமான துணி டேப்பை மடித்து மூன்று காது மாதிரி செய்தோம். ஒன்று பலகையின் கடைசி ஓரத்தில், ஒன்று நடுவில், ஒன்று மடிப்புக்குப் பக்கத்தில். "மாப்பிள்ளை, முதலில் உங்கள் காதை இழுங்க" என்றேன். இழுத்தார். மேலே உருளை கரகரத்தது. கதவு சட்டத்தோடு நடுங்கியது, திறக்கவில்லை. இன்னும் இழுத்ததில் டேப்தான் கையோடு வந்தது. மகளின் காது: திறந்தது, ஆனால் ஒரு முக்கலோடு. என் காதைப் பேரன் இழுத்தான். நாலு வயது. ஒரு விரலில் திறந்துவிட்டான்.

ஏன் இப்படி என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் பாளையங்கோட்டையில் படித்த நாட்களின் ஒரு குறும்பு ஞாபகம் வந்தது. காலையில் பிரேயருக்கு விறைப்பாக நிற்போம். முன்னால் நிற்பவளின் முழங்காலுக்குப் பின்னால் நம் முழங்காலால் லேசாக ஒரு தட்டு. அவள் அப்படியே மடிவாள். அவள் காலைப் பிடித்து இழுத்தாலும் மடியமாட்டாள், இடுப்பை அமுக்கினாலும் மடியமாட்டாள். நேராக நிற்கும் கால் தூண். முழங்காலில் தொட்டால் மட்டும் அது கால். மூடிய மடக்குக் கதவும் விறைத்து நிற்கும் காலேதான். இரண்டு எலும்பும் ஒரே கோட்டில் இருக்கும்போது முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பயனில்லை. முனையை நம் பக்கம் இழுக்கவும் வழியில்லை, தண்டவாளம் விடாது. மடிகிற இடம் ஒன்றுதான் வெளியே வரத் தயாராக இருக்கிறது. ஆசாரியும் அதை மூட்டு என்கிறார், வைத்தியரும் மூட்டு என்கிறார்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு வரி. மடிப்பு ஓரடி வெளியே வரும் நேரத்தில் பலகையின் நடுப்புள்ளி அரையடிதான் வெளியே வருகிறது. கை நகரும் தூரம் பாதியானால் கை போட வேண்டிய பலம் இரட்டிப்பு. மகளின் பொட்டு அழகானதுதான், விலை இரண்டு மடங்கு. அங்கே பல வீடுகளில் நடுவில்தான் வைத்திருக்கிறார்கள். பைன் மரக் கதவு லேசாக இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஆள் உயரக் கண்ணாடி பதித்த கனமான பலகையானால் தோள்பட்டை கணக்குச் சொல்லிவிடும்.

மடிப்புக்குப் பக்கம் என்று முடிவானது. எந்தப் பலகையில்? மடிப்புக்கு இந்தப் பக்கமும் பலகை, அந்தப் பக்கமும் பலகை. திறக்கும்போது இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மூடும்போது. கதவு மடிந்து ஒதுங்கி நிற்கையில் சுவரோரப் பலகையின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. குமிழ் அதில் இருந்தால் கையை வளைத்துச் சந்துக்குள் தேட வேண்டும். பக்கச் சுவர் நெருக்கமாக இருந்தால் குமிழ் சுவரிலும் போய் முட்டும். ஓடுகிற பலகையின் முகமோ வாசலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே இருந்து சேலையை எடுத்துவிட்டுத் திரும்பும்போதே குமிழ் கைக்குப் பக்கத்தில். ஆகவே ஓடுகிற பலகை, மடிப்போரம்.

"ஒரு நாபுக்கு இவ்வளவா?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வியன்னா கதையைச் சொன்னேன். லுட்விக் விட்கென்ஸ்டைன், இருபதாம் நூற்றாண்டின் பெரிய தத்துவ ஞானிகளில் ஒருவர், பொறியியல் படித்தவர். 1926-இலிருந்து 1928 வரை தன் அக்காவுக்கு வீடு கட்டும் வேலையில் இறங்கினார். கதவுப் பிடி, ஜன்னல் தாழ்ப்பாள், அறையைச் சூடாக்கும் கருவி வரை ஒவ்வொன்றையும் தானே வரைந்து, மில்லிமீட்டர் பிசகாமல் செய்து வாங்கினார். வீடு முடிகிற தறுவாயில் ஒரு கூடத்தின் கூரையை முப்பது மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னார், உயர்த்தினார்கள். அவருடைய கதவுப் பிடியில் ஓர் அலங்காரமும் கிடையாது. வளைத்த உலோகம், அவ்வளவுதான். "அவரோட அக்கா என்ன சொன்னாங்களாம்?" என்றாள் மகள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

உயரத்தில் சண்டை வரவில்லை. அந்த வீட்டு அறைக் கதவுகளின் பூட்டுக் குமிழ் தரையிலிருந்து 36 அங்குலத்தில் இருந்தது. மடக்குக் கதவில் பட்டைப் பகுதிக்கும் பலகைப் பகுதிக்கும் நடுவே ஐந்தங்குல அகலத்தில் ஒரு குறுக்குச் சட்டம். அதுவும் ஏறக்குறைய அந்த உயரம்தான். அறைக்குள் நுழைந்தால் கண் ஒரே கோட்டில் ஓட வேண்டும் என்றாள் மகள், சரி என்றேன். பட்டையில் துளை போட முடியாது, கால் அங்குலக் கனம்கூட இல்லாத பட்டை பிளந்துவிடும். பேரன் அறையில் குழந்தைக்கு எட்டாமல் உயர்த்தி வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. எட்டாவிட்டால் அவன் பட்டைக்குள் விரல் விடுவான். மடக்குக் கதவில் அபாயமே விரலுக்குத்தான்: கதவு மடிந்திருக்கும்போது முன்பக்கம் இரு பலகைக்கும் இடையே ஒரு வாய் திறக்கிறது, மூடும்போது அந்த வாய் கடிக்கும். அதனால் அவனுக்கும் அதே 36 அங்குலம், "கதவில் குமிழைத் தவிர வேறெங்கேயும் கை வைக்கக் கூடாது" என்ற சட்டத்தோடு. ஆச்சி போட்ட சட்டம் என்பதால் மதிக்கிறான். அவன் அம்மா போட்டிருந்தால் தெரியாது.

ஐந்தாம் நாள் துளை போடத் துரப்பணத்தை எடுத்தார் மாப்பிள்ளை. அதற்கு முன் எதற்கும் திருகாணியைக் கதவின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். திருகாணி கதவைவிடக் குட்டை. நம் ஊரில் அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுகிறோம், இருபுறமும் மைக்கா ஒட்டினால் 20. அதற்கான 25 மில்லித் திருகாணி. அங்கே கதவின் கனம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, நீளமாக வேறு வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். குமிழுக்கென்றே நீளத் திருகாணிகள் பொட்டலமாகத் தொங்கின. வாங்கி வந்து மாட்டினால் ஒரு சுற்று போகிறது, இரண்டாவது சுற்றில் இறுகி நின்றுவிடுகிறது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தும் சேரவில்லை. நம் ஊர்க் குமிழின் புரி எம்-4: நாலு மில்லிமீட்டர் குறுக்களவு, புரிக்குப் புரி 0.7 மில்லிமீட்டர். அமெரிக்காவில் குமிழ்த் திருகாணி 8-32 என்ற அளவு: குறுக்களவு 4.17 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 புரி. மயிரிழை வித்தியாசம்தான். பலத்தைக் காட்டி முறுக்கியிருந்தால் பித்தளைப் புரி தேய்ந்து குமிழே வீணாகியிருக்கும். நாம் 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறினோம். அவர்கள் 1975-இல் ஒரு சட்டம் போட்டார்கள், விருப்பப்பட்டவர்கள் மாறலாம் என்று. விருப்பப்பட்டவர்கள் குமிழ் செய்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆசாரிக்கு வீடியோவில் பேசினேன். சென்னையில் எங்கள் வீட்டு மர வேலையெல்லாம் செய்தவர். அங்கே ராத்திரி ஒன்பது மணி, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தார். கதவைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னார். "கனம் எத்தனை நூலும்மா?" என்றார். சட்டம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நம் ஆசாரிகளின் வாயில் இன்னும் அங்குலமும் நூலும்தான். எட்டு நூல் ஓர் அங்குலம். அளந்து ஒன்பது நூல் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஆணி சரியாத்தாம்மா இருக்கு. கதவுதான் கனம். பின்பக்கம் மூணு நூல் ஆழத்துக்குக் குழி போட்டு ஆணித் தலைய உள்ள எறக்கிருங்க. மிச்சம் ஆறு நூல், நம்ம ஊர் பிளைவுட் கனம்தானே!"

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதவைக் கடல் தாண்டி வந்த குமிழின் அளவுக்கு மெலிய வைத்துவிட்டார். அதோடு விடவில்லை. "எப்படியும் தலைய உள்ளதாம்மா எறக்கணும். கதவு மடங்கினா ரெண்டு முதுகும் ஒட்டுமில்ல? தலை நீட்டிக்கிட்டு இருந்தா அடுத்த பலகைய நோண்டிரும். சேலையும் மாட்டும்." நாங்கள் மூன்று பட்டதாரிகள் ஐந்து நாளாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இடத்தையும் திருத்தினார். நான் மடிப்போரச் செங்குத்துச் சட்டத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன். "அங்க வேணாம். குறுக்குச் சட்டம் வந்து சேருற எடத்துக்குள்ள முளை இருக்கும், குழி போட்டா அறுந்துரும். அஞ்சு விரக்கடை உள்ள தள்ளி வாங்க." அளந்தால் மடிப்பிலிருந்து ஏறக்குறைய நாலு அங்குலம். பதினைந்து அங்குலப் பலகையில் நாலு அங்குலம் தள்ளுவதால் பலம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். நடுவில் வைத்தால் கூடுவதைவிட எவ்வளவோ குறைவு. கடிக்கும் வாயிலிருந்து விரலும் தள்ளி நிற்கும். தூய கணக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சமரசம்.

அடுத்த மூன்று நாள் மழை, மாப்பிள்ளைக்கு அலுவலகம், ஓக் ட்ரீ ரோட்டில் கல்யாண வரவேற்பு. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. புள்ளியிட்ட இடத்தில் காகித டேப் ஒட்டினோம், முனை வழுக்காமல் இருக்க. முதலில் பின்பக்கம் அரை அங்குல முனையால் குழி. ஆழம் தெரிய முனையில் ஒரு டேப் சுற்றினோம். பிறகு குழியின் நடுவிலிருந்து ஒன்றரை நூல் முனையால் துளை. முன்பக்கம் ஒரு மரத்துண்டை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், முனை வெளியே வரும்போது மரம் சிலும்பாமல் இருக்க. இந்த வரிசை மாறக் கூடாது. சின்னத் துளையை முதலில் போட்டுவிட்டால் பெரிய முனைக்கு நடுவில் ஊன்ற இடம் இருக்காது. ஒரு குமிழுக்குப் பத்து நிமிஷம் ஆனது. மூன்றாவது குமிழைப் பேரன் முடுக்கினான்.

நம் ஊரிலும் இப்போது சலவை இயந்திரத்தை மறைக்க, பூஜை அலமாரிக்கு, அடுக்கக வீட்டுச் சந்துக்கு என்று மடக்குக் கதவு போடுகிறார்கள். போடப்போகிறவர்கள் டேப் காதை ஒட்டிப் பார்க்காமல் துளை போட விடாதீர்கள். வீட்டில் விரல் மூட்டு வலிக்கிற பெரியவர்கள் இருந்தால் உருண்டைக் குமிழே வேண்டாம். நாலு விரலும் உள்ளே போகிற வளைவுக் கைப்பிடி வாங்குங்கள். 96, 128 மில்லிமீட்டர் என்று இரண்டு துளைக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லிக் கேட்டால் கடையில் தெரியும். இரண்டு ஆணி என்பதால் அது சுற்றிக்கொள்ளவும் செய்யாது. குமிழ்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்ந்து, ஒருமுறை முடுக்கச் சொல்லிக் கேட்கும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதா அப்படியே கறுக்க விடுவதா என்பது அவரவர் குணம். நான் கறுக்க விடுகிற கட்சி. கை படுகிற இடம் மட்டும் தானாகவே பளபளக்கும், பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நாலாவது குமிழ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டியில் போட்டு என்னோடே கொண்டுவந்துவிட்டேன். என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறைக்குப் பல வருஷமாகப் பிடி இல்லை. அடிக்கோல் முனையால் நெம்பித்தான் திறப்பேன். போன திங்கட்கிழமை அந்தக் குமிழை வைத்துப் பார்த்தேன். முகப்புப் பலகை ஆறு நூல். 25 மில்லித் திருகாணி அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. "அமெரிக்காவிலிருந்து வாங்கினதா மேடம்?" என்று கேட்டார் உதவி ஆசிரியர். பாரிமுனை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அல்வா டப்பாவை இப்போது அந்த இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மேலிருந்து நாலு கடிதங்களுக்குப் பதில் எழுதியாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்